பரிசோதனையில் குறை வந்த குதிரையை வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதக்கணக்கில் தேடி ஒரு குதிரை கிடைத்தது. ஏறிப் பார்த்தாயிற்று, பிடித்துவிட்டது, லாயத்தில் இடம்கூட ஒதுக்கியாயிற்று. அப்புறம் கால்நடை மருத்துவரின் அறிக்கை வருகிறது. அதில் நாலு வரி புரியவில்லை, இரண்டு வரி வயிற்றைக் கலக்குகிறது. விற்பவரோ இன்றைக்கே பதில் சொல்லுங்கள் என்கிறார்.

இந்த நிலையில் மாட்டிக்கொண்டவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. பல வருடம் குதிரைகளோடு இருந்து, சிலவற்றை வாங்கியும் சிலவற்றை மனதில்லாமல் விட்டுவிட்டும் வந்திருக்கிறேன். உங்கள் குதிரையைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் சொல்வதுதான் முதல் வார்த்தை. அவர் சொன்னதை வைத்துக்கொண்டு எப்படி முடிவுக்கு வருவது என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

மருத்துவர் ‘வாங்குங்கள்’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ ஏன் நேராகச் சொல்வதில்லை?

அவரால் சொல்ல முடியாது, அதனால்தான். வாங்கும் முன் செய்யும் பரிசோதனை தேர்வு மாதிரி கிடையாது, அதில் பாஸ், ஃபெயில் இல்லை. அன்றைக்கு அந்தக் குதிரையிடம் என்னென்ன கண்ணில் பட்டதோ அதையும், நீங்கள் நினைத்திருக்கும் வேலைக்கு அது ஒத்துவருமா என்பதையும்தான் மருத்துவர் எழுதித் தருவார்.

பின்னங்கால் மூட்டு கொஞ்சம் இறுகிய 15 வயதுக் குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் மூன்று நாள் குழந்தையை ஏற்றி மெதுவாக நடக்க அதைவிடப் பொறுமையான குதிரை கிடைக்காது. அதே குதிரையை 120 சென்டிமீட்டர் தடை தாண்டும் போட்டிக்கு வாங்கினால், ஆறே மாதத்தில் நீங்களும் அழுவீர்கள், அதுவும் துன்பப்படும். அறிக்கை ஒன்றுதான், பதில் இரண்டு.

அதனால் பரிசோதனைக்கு முன்பே மருத்துவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வாரத்துக்கு எத்தனை நாள் ஏறப்போகிறீர்கள், தடை தாண்டுவீர்களா, எவ்வளவு உயரம், ஏறப்போகிறவரின் எடை என்ன, நாலு வருடம் கழித்து விற்கும் எண்ணம் உண்டா, எல்லாவற்றையும். ஆசைக்கு ஒன்றைச் சொல்லிவிட்டு நிஜத்தில் வேறொன்றைச் செய்தால் அவர் எழுதிய கருத்து உங்களுக்குப் பயன்படாது.

அன்றைக்கு என்னவெல்லாம் பார்த்திருப்பார்கள்?

பிரிட்டனில் இதை ஐந்து கட்டமாகப் பிரித்துச் செய்கிறார்கள், மற்ற இடங்களிலும் வரிசை கிட்டத்தட்ட இதுதான். முதலில் நிற்கவைத்துக் கண், பல், இதயம், நுரையீரல், தோல், கால், குளம்பு. அடுத்து கையில் பிடித்து நடக்கவும் ஓடவும் விடுவது. மூன்றாவது, சவாரி செய்தோ நீளக் கயிற்றில் வட்டமடிக்க விட்டோ மூச்சு வாங்கும்வரை வேலை கொடுப்பது. நான்காவது, ஓய்வில் வைத்துக் கவனிப்பது. ஐந்தாவது, மறுபடி ஓடவிடுவது. எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், மூக்கு வழியாகக் குழாய்க் கேமரா இதெல்லாம் நீங்கள் கேட்டால்தான் சேரும். ரத்தம் எடுத்துப் பாதுகாக்கச் சொல்வதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பின்னால் சந்தேகம் வந்தால், அன்று வலி மருந்தோ மயக்க மருந்தோ கொடுக்கப்பட்டிருந்ததா என்று பார்க்க அதுதான் ஒரே சாட்சி.

மடக்குச் சோதனைக்குப் பிறகு காலைத் தாங்கியது, அதாவது நொண்டியது. கதை முடிந்ததா?

அதை மட்டும் வைத்து முடிக்காதீர்கள். மருத்துவர் ஒரு காலைத் தூக்கி, மூட்டை மடக்கி, அரை நிமிடமோ ஒரு நிமிடமோ அப்படியே பிடித்திருந்துவிட்டு உடனே ஓடவிடுவார். நீங்களே ஒரு நிமிடம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டுச் சட்டென்று எழுந்து ஓடிப் பாருங்கள், முதல் இரண்டு அடி சரியாக வராது. குதிரைக்கும் அப்படித்தான். எவ்வளவு அழுத்தி மடக்கினார், எத்தனை நொடி பிடித்திருந்தார் என்பதைப் பொறுத்தும் முடிவு மாறும். எந்தத் தொந்தரவும் இல்லாத குதிரைகள்கூட இதில் தாங்குவதுண்டு.

கேட்க வேண்டியது இதைத்தான்: எத்தனை அடி தாங்கியது? இரண்டு மூன்று அடியில் சரியானதா, ஓட்டம் முடியும்வரை இழுத்ததா? அதே மாதிரி மறுபக்கக் காலும் தாங்கியதா? ஒரு கால் மட்டும், திரும்பச் செய்தபோதும், கடைசி வரை தாங்கியதென்றால் அந்த மூட்டை எக்ஸ்ரே எடுக்காமல் பணம் கொடுக்காதீர்கள். நாலு காலும் லேசாக இறுகி உடனே தளர்ந்த நடுவயதுக் குதிரை என்றால் நான் அவ்வளவாகப் பயப்படமாட்டேன்.

‘நொண்டல் அளவு 2’ என்று எழுதியிருக்கிறது. இது அதிகமா, குறைவா?

முதலில் எந்த அளவுகோல் என்று கேளுங்கள். அமெரிக்கக் குதிரை மருத்துவர்கள் 0 முதல் 5 வரை போடுவார்கள். பிரிட்டனில் பலர் 0 முதல் 10 வரை போடுவார்கள். ஐந்துக்கு 2 வேறு, பத்துக்கு 2 வேறு.

அமெரிக்க அளவில் 1 என்றால் கண்டுபிடிப்பதே கஷ்டம், சில சமயம் தெரியும், சில சமயம் தெரியாது. 2 என்றால் நேராக நடக்கும்போதும் ஓடும்போதும் பிடிபடுவது கஷ்டம், ஆனால் வட்டமடிக்கும்போதோ கெட்டித் தரையிலோ ஒவ்வொரு தடவையும் தெரியும். 3 என்றால் டிராட் எனப்படும் சீரான ஓட்டத்தில் எங்கே ஓடினாலும் தெரியும். 4 நடக்கும்போதே தெரியும். 5 கிட்டத்தட்ட காலை ஊன்றவே முடியாத நிலை.

எண்ணைவிட முக்கியமானது காரணம். கெட்டித் தரையில் வட்டமடிக்கும்போது மட்டும் தாங்குகிறது, குளம்பில் புதிதாக ஒரு கல் குத்திய காயம் இருக்கிறது என்றால் அது ஆறிவிடும். அதே 2, ஏன் என்று யாருக்கும் தெரியாமல் இருந்தால் அதுதான் பயப்பட வேண்டிய 2.

எக்ஸ்ரேயில் மாற்றம் இருக்கிறது, ஆனால் குதிரை நன்றாக ஓடுகிறது. எதை நம்புவது?

எல்லாரும் தவிப்பது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், வலியைக் காட்டாது. வருடக்கணக்கில் வேலை செய்த எந்தக் குதிரையைப் படமெடுத்தாலும் ஏதாவது ஒரு ஓரத்தில் தேய்மானமோ சின்ன எலும்பு வளர்ச்சியோ இருக்கும். சுத்தமான படம் கிடைத்தால்தான் வாங்குவேன் என்று உட்கார்ந்தால் வேலை பழகிய குதிரை உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. இன்னொரு பக்கம், படம் சுத்தமாக இருந்தும் தசைநாணிலோ இணைப்பு நாரிலோ கிழிசல் இருக்கலாம். எக்ஸ்ரேயில் அது வராது, அதற்கு அல்ட்ராசவுண்ட் வேண்டும்.

நான் நாலு விஷயத்தைச் சேர்த்துப் பார்ப்பேன். ஒன்று, படத்தில் குறை தெரியும் அதே மூட்டு, மடக்கும்போதும் கையால் அழுத்தும்போதும் வலி காட்டியதா? படமும் காலும் ஒரே இடத்தைக் காட்டினால் அந்தக் குறை உயிரோடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். இரண்டு, வயது. 14 வயதில் மூட்டுத் தேய்மானம் என்பது நரைமுடி மாதிரி. 4 வயதில், இன்னும் ஒழுங்காக வேலையே ஆரம்பிக்காத குதிரைக்கு அதே தேய்மானம் என்றால் அது எனக்கு உறுத்தும். மூன்று, இதுவரை என்ன வேலை செய்தது? நீங்கள் கேட்கப்போகும் அதே அளவு வேலையை இரண்டு வருடமாக விடாமல் செய்து, இன்றைக்கும் நொண்டாமல் ஓடுகிறது என்றால், அந்த இரண்டு வருடம் எந்தப் படத்தையும்விட நல்ல சாட்சி. வருடம் முழுக்கப் புல்வெளியில் சும்மா நின்ற குதிரை நொண்டாமல் ஓடுவதில் பெரிதாக ஒன்றுமில்லை, வேலை கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரியாது.

நாலாவது, பழைய படங்கள். விற்பவரிடம் இரண்டு மூன்று வருடத்துக்கு முந்தைய எக்ஸ்ரே இருந்தால் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அன்று இருந்த புள்ளி இன்றும் அதே அளவில் இருந்தால் எனக்குப் பாதிப் பயம் போய்விடும். வளர்ந்திருந்தால் அந்தக் குறை மோசமாகிக்கொண்டிருக்கிறது.

‘நாவிகுலர்’ என்ற சொல்லைக் கேட்டாலே எல்லாரும் வேண்டாம் என்கிறார்களே?

குளம்புக்குள் பின்பக்கம் படகு வடிவத்தில் ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. அதன்மேல்தான் காலை மடக்கும் ஆழமான தசைநாண் வளைந்து போகிறது. குதிரை தன் எடையில் கிட்டத்தட்ட 60 சதவீதத்தை முன்னங்கால்களில் சுமப்பதால் அங்கே எப்போதும் அழுத்தம். எலும்பு, தசைநாண், சுற்றியுள்ள பை, இவற்றில் எது நொந்தாலும் குதிகால் பக்கம் வலிக்கும். முன்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர் சொல்லிவந்தார்கள். இப்போது எம்.ஆர்.ஐ. வந்த பிறகு எந்தப் பகுதி என்று பிரித்துப் பார்க்க முடிகிறது.

எக்ஸ்ரேயில் இந்த எலும்பில் சில துளைகள் பெரிதாகத் தெரிவதை மட்டும் வைத்துக் குதிரையை ஒதுக்கவேண்டியதில்லை. அப்படிப் படம் உள்ள குதிரைகள் வலியில்லாமல் வேலை செய்வதும் உண்டு. ஆனால் நடையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். இதில் நான் நேரில் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு பழுப்புப் பெண் குதிரையைப் பார்க்கப் போயிருந்தேன். சாதாரணமாக முன்னங்கால் வலித்தால் குதிரை தலையாட்டும்: நோகும் கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். இவளிடம் தலையாட்டலே இல்லை. அடி மட்டும் குட்டையாக, சூடான தரையில் வெறுங்காலோடு நடக்கிறவர் மாதிரி இருந்தது. குளம்பின் முன் நுனிதான் முதலில் தரையில் பட்டது. எனக்கு அது அவள் இயல்பான நடை என்றுதான் பட்டது. விற்பவர் சம்மதத்தோடு மருத்துவர் இடது முன்னங்காலின் குதிகால் பகுதி மரக்கும்படி ஊசி போட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஓடவிட்டோம். வலது கால் தரையில் படும் ஒவ்வொரு தடவையும் தலை சட்டென்று மேலே போனது. அதுவரை இரண்டு காலும் ஒரே அளவு நொந்ததால் எந்தக் காலைத் தாங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒன்று மரத்ததும் மற்றது வெளியே வந்துவிட்டது.

அவளை நான் வாங்கவில்லை. படம், நடை, ஊசி மூன்றும் ஒரே இடத்தைக் காட்டின. நான் கேட்க நினைத்தது தடை தாண்டும் வேலை. சரியான லாடம், குளம்பு சரிசெய்தல், மருந்து என்று பார்த்துக்கொண்டால் இப்படிப்பட்ட குதிரைகள் லேசான வேலைக்கு நன்றாகவே வாழ்கின்றன. எனக்கு வேண்டியது அது இல்லை.

மூட்டில் எலும்புச் சில்லு இருப்பதாக எழுதியிருக்கிறார்கள்.

வளரும் வயதில் குருத்தெலும்பு சரியாக எலும்பாக மாறாமல் ஓரத்தில் ஒரு துணுக்கு தங்கிவிடுவது இது. ஹாக் எனப்படும் பின்னங்கால் மூட்டில் அடிக்கடி காணப்படும். பல குதிரைகளுக்கு வீக்கம்கூட இருக்காது. வேண்டுமென்றால் மூட்டுக்குள் கேமரா விட்டுச் சின்ன துளை வழியாக எடுத்துவிடலாம், ஹாக் மூட்டில் பலன் பொதுவாக நன்றாக இருக்கும். அதற்கு மேலே உள்ள பின்னங்கால் முழங்கால் மூட்டில் எலும்புக்குள் குழி விழுந்திருப்பதாகச் சொன்னால் விஷயம் வேறு. அதற்கு அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் படத்தைக் காட்டாமல் பதில் சொல்லாதீர்கள். சில்லை எடுத்தாக வேண்டும் என்றால் விற்பவரே எடுத்து, ஆறிய பிறகு வாங்குகிறேன் என்று கேட்பதில் தப்பில்லை.

ஹாக் மூட்டுத் தேய்மானம்?

ஹாக் என்பது ஒரே மூட்டு இல்லை, அடுக்கடுக்காகப் பல மூட்டு. கீழே உள்ள இரண்டும் அசைவதே ரொம்பக் கொஞ்சம். தேய்மானம் அங்கே என்றால் காலப்போக்கில் அந்த எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக்கூடும், ஒட்டிய பிறகு வலி குறைந்துவிடுவதும் உண்டு. ஒட்டும்வரை மூட்டு ஊசி, வலி மருந்து, அளவான வேலை. தேய்மானம் மேல் மூட்டில் இருந்தால் அது பெரிதாக அசையும் மூட்டு, அங்கே எனக்குத் தைரியம் வராது. ஆகவே ‘ஹாக்கில் தேய்மானம்’ என்றதும் எந்த அடுக்கில் என்று கேளுங்கள். கடைசியாக எப்போது மூட்டு ஊசி போட்டார்கள் என்றும் விற்பவரிடம் கேளுங்கள். போன மாதம் ஊசி போட்ட மூட்டு இன்றைக்கு நன்றாகத்தான் நடக்கும்.

முதுகெலும்பு முட்கள் ஒன்றையொன்று தொடுகின்றனவாம்.

சேணம் உட்காரும் இடத்தில் இது சகஜம், வலியே இல்லாத பல குதிரைகளின் படத்திலும் இருக்கும். அதனால் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, சேணம் போடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். வாரை இறுக்கும்போது காதைப் பின்னுக்குத் தள்ளிக் கடிக்க வருகிறதா? ஏறி உட்கார்ந்ததும் முதுகைக் குழிக்கிறதா? பாய்ச்சலுக்கு மாறும்போது பின்னங்காலை உதறுகிறதா? இதில் எதுவும் இல்லை, முதுகை விரலால் அழுத்தினாலும் சும்மா நிற்கிறது என்றால் படம் தனியாக என்னைத் தடுக்காது. இவை எல்லாம் இருந்தால், ‘இதுக்குக் கொஞ்சம் கோபம் அதிகம்’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அது வலி.

இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்டதாம். பயமாக இருக்கிறது.

குதிரையின் இதயம் பெரியது. ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 தடவைதான் துடிக்கும், ஒவ்வொரு துடிப்பிலும் நிறைய ரத்தம் பாயும். அந்தப் பாய்ச்சலின் சத்தமே முணுமுணுப்பாகக் கேட்பதுண்டு, அது நோயில்லை. உடல் வலு நன்றாக உள்ள குதிரைகளில் ஓய்வின்போது ஒரு துடிப்பு விட்டுப்போவதும் உண்டு. ஓடவிட்டதும் அது சீராகிவிட்டால் கவலை வேண்டாம்.

சத்தத்தை 1 முதல் 6 வரை அளவிடுவார்கள். அளவு கூடுதலாக இருந்தாலும், வேலைக்குப் பிறகும் துடிப்பு தாறுமாறாக இருந்தாலும், இதய ஸ்கேனும் ஓடும்போது எடுக்கும் ஈ.சி.ஜி.யும் இல்லாமல் முடிவு எடுக்காதீர்கள். மேலே உட்கார்ந்திருப்பது நீங்களோ உங்கள் பிள்ளையோதான். இதயத்தில் சந்தேகம் என்றால் அரைகுறைப் பதிலோடு ஏறக்கூடாது.

கண், மூச்சு, தோல்?

கண்ணுக்குள் திரும்பத் திரும்ப வரும் அழற்சி குதிரைகளைக் குருடாக்கும் முதன்மையான காரணம். பழைய தழும்பு இருப்பதாக மருத்துவர் எழுதினால் கண் நிபுணரிடம் காட்டுங்கள். மூச்சை உள்ளிழுக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் குரல்வளையின் இடப்பக்கம் சரியாகத் திறக்காமல் இருக்கலாம். வேகமான வேலைக்கு அது தடை, மெதுவான சவாரிக்குப் பெரும்பாலும் தடை இல்லை. தோலில் மருமாதிரிக் கட்டி என்றால் சார்காய்டாக இருக்கலாம், குதிரைகளுக்கு அதிகம் வரும் தோல் கட்டி அதுதான். உள்ளுறுப்புக்குப் பரவாது, ஆனால் எடுத்தாலும் திரும்ப வரக்கூடும். வார் உரசும் இடத்தில் இருந்தால் தொல்லைதான். வெள்ளைக் குதிரையின் வாலடியில் கருப்புக் கட்டி வயதானால் வருவதே, எத்தனை, எவ்வளவு பெரிது என்று பாருங்கள்.

எந்த முடிவு வந்தால் யோசிக்காமல் விலகவேண்டும்?

நரம்புக் கோளாறு முதலிடம். சின்ன வட்டத்தில் திருப்பும்போது பின்னங்காலை எடுத்து வைக்காமல் ஊன்றிய இடத்திலேயே திருகுவது, வெளிப்பக்கக் கால் தேவையில்லாமல் அகலமாக வீசுவது, நடக்கும்போது வாலைப் பக்கவாட்டில் இழுத்தால் எதிர்த்து நிற்காமல் தள்ளாடுவது, பின்னால் நடக்கச் சொன்னால் காலை இழுப்பது. தன் கால் எங்கே இருக்கிறது என்று அதற்கே தெரியவில்லை என்பதுதான் இதன் பொருள். சுமார் 500 கிலோ எடையோடு அது விழும்போது நீங்கள் மேலே இருப்பீர்கள். வேறு எதற்கும் நான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லமாட்டேன்: காரணம் தெரிந்து, ஏறலாம் என்று நிபுணர் சொல்லும்வரை ஏறவே ஏறாதீர்கள்.

இன்றைக்கே நொண்டுகிறது, காரணம் தெரியவில்லை என்றாலும் வேண்டாம். காரணம் கண்டுபிடித்துத் தேறும்வரை அது விற்பவர் பொறுப்பு. முன்னங்காலின் பின்பக்கத் தசைநாணில் புதிய வீக்கம், சூடு இருந்தால் அது ஆறவே ஒரு வருடம் வரை ஆகலாம், ஆறினாலும் அதே இடம் மறுபடி கிழியும் வாய்ப்பு அதிகம். குளம்பு அழற்சி வந்துபோன தடயம், அதாவது குளம்பில் குதிகால் பக்கம் அகலமாகிப் போகும் வளையங்கள், எக்ஸ்ரேயில் குளம்பு எலும்பு சாய்ந்திருப்பது, இவை இருந்தால் இன்சுலின், ஹார்மோன் ரத்தச் சோதனை முடிவு வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். ரத்தத்தில் மருந்து இருந்தது என்று தெரிந்தால் குதிரையைப் பற்றி விவாதிக்கவே வேண்டாம், அந்த விற்பவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

‘நேற்றுதான் லாடம் அடித்தோம், அதனால்தான் தாங்குகிறது’ என்கிறார்கள்.

இருக்கலாம். லாடத்து ஆணி கொஞ்சம் உள்ளே ஏறிவிட்டால் இரண்டொரு நாள் நோகும். அப்படியென்றால் இரண்டு வாரம் கழித்து நான் மறுபடி வருகிறேன் என்று சொல்லுங்கள். நிஜமான விற்பவர் சரி என்பார். ‘இன்னொருவர் நாளைக்கே வாங்க வருகிறார்’ என்ற பதில் வந்தால் அவருக்கே போகட்டும்.

விலையைக் குறைத்தால் வாங்கலாமா?

குறைத்த பணம் குதிரையின் காலுக்குள் போய் எதையும் சரிசெய்யாது. முதலில் விலையை மறந்துவிட்டு இந்தக் குறையோடு இந்தக் குதிரை எனக்கு வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டும் என்றால் மட்டும் விலை பேசுங்கள்.

பேசும்போது ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். சிறப்பு லாடம் ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை, மூட்டு ஊசி வருடத்துக்கு எத்தனை தடவை, மறு எக்ஸ்ரே, வேலை செய்யமுடியாத மாதங்களின் தீவனம். இதை ஐந்து வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். குறைத்துத் தரும் தொகை அதற்குப் பக்கத்தில்கூட வராமல் போகலாம். குதிரை 25, 30 வருடம் வாழும். வேலை செய்ய முடியாமல் போன பிறகும் அதற்குச் சாப்பாடும் கொட்டிலும் வேண்டும், அந்தப் பொறுப்பும் விலையில் சேர்ந்ததுதான். உங்களால் முடியும், அது நொண்டினாலும் வைத்துக்கொள்வேன் என்றால் தாராளமாக வாங்குங்கள். அப்படி மனதார எடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்சூரன்ஸ் இருந்தால் போதாதா?

பரிசோதனையில் கண்டுபிடித்த குறையை இன்சூரன்ஸ்காரர்கள் பெரும்பாலும் விலக்கிவிடுவார்கள். இடது ஹாக் என்று அறிக்கையில் இருந்தால் சில சமயம் இரண்டு பின்னங்காலையும் சேர்த்தே விலக்குவதுண்டு. பணம் கொடுக்கும் முன் அறிக்கையை அனுப்பி, எதற்குக் காப்பீடு உண்டு, எதற்கு இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். மறைத்துவிட்டு எடுத்தால் பின்னால் ஒன்றும் கிடைக்காது.

இன்னும் சோதனைகள் செய்யலாம் என்கிறார்கள். எதுவரை போவது?

ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் உங்களையே கேளுங்கள்: இதன் முடிவு நல்லதாக வந்தால் வாங்குவேனா, கெட்டதாக வந்தால் விடுவேனா? இரண்டுக்கும் ஆம் என்றால் செய்யுங்கள். எப்படி வந்தாலும் வாங்கத்தான் போகிறேன் என்றாலோ, எப்படி வந்தாலும் பயம் போகாது என்றாலோ அந்தச் செலவு வீண். எம்.ஆர்.ஐ. வரை போனவர்களில் பாதிப் பேர் முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டு மனதைச் சமாதானப்படுத்தப் போனவர்கள் என்றே எனக்குப் படுகிறது.

இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் எக்ஸ்ரேயோடு நடை வீடியோவையும் சேர்த்து அனுப்புங்கள். படத்தை மட்டும் பார்ப்பவர் படத்தைப் பற்றித்தான் சொல்லமுடியும். கருத்துச் சொல்பவர் விற்பவரின் குதிரைகளுக்கு வழக்கமாக வைத்தியம் பார்க்கும் மருத்துவராக மட்டும் இருக்கவேண்டாம், எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அவருக்குத் தர்மசங்கடம்.

மருத்துவரிடம் என்ன கேட்டால் நேரான பதில் கிடைக்கும்?

அறிக்கையைப் படித்துவிட்டுப் போனில் பேசுங்கள். எழுத்தில் கவனமாக இருப்பவர்கள் பேச்சில் கொஞ்சம் திறந்து சொல்வார்கள். எனக்கு எப்போதும் பயன்பட்ட கேள்வி: ‘இந்த அறிக்கையில் உங்களுக்கு அதிகம் உறுத்துவது எது?’ பத்துக் குறை எழுதியிருந்தாலும் அவர் மனதில் ஒன்றுதான் இருக்கும். அப்புறம், ‘இது எப்படி மோசமாகும், மோசமானால் முதலில் எனக்கு என்ன தெரியும்?’ என்று கேளுங்கள்.

அறிவு வேண்டாம் என்கிறது, மனசு விடவில்லை.

புரிகிறது. கழுத்தைத் தடவும்போது மூக்கைத் தோளில் வைத்த குதிரையை ஒரு தாளைப் படித்துவிட்டு விட்டுவிட முடியாது. அவசரப்படாமல் இருக்க வழிகள் உண்டு. ஆறு மாதம் குத்தகைக்குக் கேட்கலாம். ஒரு மாதம் சோதனைக்கு எடுத்து, நீங்கள் தரப்போகும் அதே வேலையைத் தந்து, அந்த மாதம் முடியும்போது மறுபரிசோதனை செய்யலாம். முன்பணம் எப்போது திரும்ப வரும், இடையில் காயம் பட்டால் யார் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

நான் வாங்காவிட்டால் இதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் வரும். அந்த இரக்கத்தில் வாங்குவது தப்பில்லை, அது நோய்வாய்ப்பட்ட ஒரு உயிரைத் தத்தெடுப்பது என்று தெரிந்து வாங்கவேண்டும். சவாரிக்கு வேறு வழி வைத்திருங்கள். இல்லாவிட்டால் சில மாதத்தில் அந்த இரக்கமே, இன்னும் ஏன் தேறவில்லை என்ற எரிச்சலாக மாறிவிடும், அதைத் தாங்கப்போவது குதிரை.

எல்லாம் யோசித்து வாங்க முடிவு செய்துவிட்டேன். முதலில் என்ன செய்யட்டும்?

பரிசோதனை எக்ஸ்ரே முழுவதையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், இனி எடுக்கும் எல்லாப் படத்தையும் அதோடுதான் ஒப்பிடப்போகிறீர்கள். லாடம் அடிப்பவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். குளம்புக்கு மேலே, கணுவின் பின்பக்கம் இருபுறமும் விரல் வைத்து நாடி பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். நன்றாக இருக்கும் நாளில் அது எவ்வளவு மெலிதாக அடிக்கும் என்று விரலுக்குப் பழகினால், படபடவென்று அடிக்கும் நாளில் உடனே தெரிந்துவிடும்.

அப்புறம் ஒரு வீடியோ. கெட்டித் தரையில் நேராக ஓடவிட்டு முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும், இரண்டு பக்கமும் வட்டமடிக்கவிட்டு ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்று. தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில், அதே வேகத்தில் மறுபடி எடுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாமல் நடை குட்டையாகிக்கொண்டே வந்திருந்தால் இரண்டு வீடியோவையும் பக்கத்தில் வைக்கும்போது தெரிந்துவிடும், அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடலாம்.